லீவு போட்ட கரடி

யமுனா,

நீ பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். பத்தடி தூரத்தில் இருக்கிற பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிற அப்பா நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நேரில் சொல்லிவிடலாம் என்று காலையிலிருந்து இரண்டு தடவை உன் அறை வாசல் வரைக்கும் வந்தேன். முதல் தடவை, "இன்னாப்பா, கத்திரிக்கோல் வேணுமா?" என்று கேட்டாய். ஆமாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். இரண்டாவது தடவை நீ துணிகளை மடித்துக்கொண்டிருந்தாய், என்னைப் பார்க்கவில்லை. வாயால் சொன்னால் நடுநடுவே எனக்குச் சாதகமாக நாலு வார்த்தை சேர்த்துக்கொள்வேன் என்பது எனக்குத் தெரியும். எழுத்தில் அப்படிச் சேர்ந்துவிட்டால் அடித்துவிடலாம். இந்தத் தாளில் அங்கங்கே அடித்திருக்கிறதே, அதெல்லாம் அந்த வார்த்தைகள்தான்.

நாளைக்கு நீ புனே போகிறாய். பிளாஸ்டிக் சாமான்களை வார்க்கிற அச்சு செய்கிற கம்பெனியில் வேலை. மகளை வெளியூருக்கு அனுப்புகிற அப்பா புத்திமதி சொல்வது வழக்கம். எனக்கும் சொல்ல ஆசைதான். ஆனால் நான் சொல்லக்கூடிய ஒன்றிரண்டும் உன்னிடமிருந்து கற்றுக்கொண்டவை. நான் எப்படிக் கற்றுக்கொண்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் உனக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது.

ஒரகடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த அடுத்த வருடம் உனக்குப் பதின்மூன்று வயது. பெயின்ட் ஷாப்பில், காரின் பக்கவாட்டுக் கண்ணாடி மூடிகளுக்கு டச்-அப் செய்கிற பிரிவில் பன்னிரண்டு பேர் இருந்தோம். வரிசையாக ட்யூப் லைட், அதன் கீழே மேஜை, மேஜையில் பளபளக்கிற மூடிகள். தூசி உட்கார்ந்த இடம், பெயின்ட் வழிந்த இடம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துத் தேய்த்து, பாலிஷ் போட்டு, ஓரத்தில் பெயின்ட் ஏறாத இடத்தில் மெல்லிய பிரஷ்ஷால் தொட்டு, அங்கே ஒரு குறை இருந்தது என்பதே யாருக்கும் தெரியாமல் செய்வதுதான் எங்கள் வேலை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. நான் தொட்ட மூடியை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, எங்கே தொட்டாய் என்று சூப்பர்வைசர் என்னையே கேட்டிருக்கிறார்.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க ஜப்பானிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மொரிடா சார் வருவார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். முதல் தடவை வந்தபோது ஆளுக்கு ஒரு தீப்பெட்டிக் கட்டு அளவுக்கு அட்டைப்பெட்டி கொடுத்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே எழுதியிருக்கவில்லை. சாக்லேட் என்று நினைத்து முருகேசன் அங்கேயே பிரித்தான். வெள்ளித்தாள் உறைக்குள் கட்டைவிரல் உயரத்தில் ஒரு கரடி, கையில் சுத்தியல் வைத்துக்கொண்டு நின்றது. "இத வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்று கேட்டுவிட்டு, வீட்டில் மகள் கவிதாவுக்குக் கொடுக்கலாம் என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். மற்ற பலரும் பெட்டியைக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் எறிந்தார்கள். என் பெட்டியை நான் பிரிக்காமலே கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன். அது நான் செய்த நல்ல காரியம். அப்போது அது நல்ல காரியம் என்று எனக்குத் தெரியாது.

நீ அதைப் பிரித்த விதம் எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பிளேடால் ஓரத்தை மட்டும் கீறி, வெள்ளித்தாளை நேராக வெட்டி, கரடியை எடுப்பதற்கு முன்னால் உள்ளே மடித்திருந்த சின்னத் தாளை எடுத்து விரித்தாய். அதில் பன்னிரண்டு கரடிகள் இருந்தன. எல்லாம் வேலைக்குப் போகிற கரடிகள். தபால்காரர், சமையல்காரர், மீனவர், தச்சர், இப்படி. கடைசியில் பதின்மூன்றாவதாக ஒரு கறுப்பு நிழல், அதன் மேல் கேள்விக்குறி. "அப்பா, இன்னொன்னு ஒளிஞ்சிகினு கீது" என்றாய். உனக்கு வந்தது சமையல்காரர்.

அடுத்த இரண்டு வருடத்தில் நீ எனக்கு ஒரு தனி உலகத்தைக் காட்டினாய். ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்து, நான் ஷூவைக் கழற்றுவதற்குள் சொல்ல ஆரம்பித்துவிடுவாய். இந்தப் பொம்மைகளைச் சேர்க்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள் என்றாய். கடையில் வாங்குகிறவருக்குக்கூட உள்ளே எது இருக்கிறதென்று தெரியாது, அதுதான் இதில் விளையாட்டு என்றாய். ஒரு கார்ட்டனில் பன்னிரண்டு பெட்டி இருக்கும், சாதாரணமாகப் பன்னிரண்டு கரடியும் ஒவ்வொன்று, எங்கோ சில கார்ட்டனில் மட்டும் ஒன்றை எடுத்துவிட்டு அந்த நிழல் கரடியை வைத்திருப்பார்கள் என்றாய். பெட்டியும் தாளும் இருந்தால்தான் மதிப்பு, காதில் கீறல் இருந்தால் பாதி போய்விடும் என்றாய். "அப்போ பெயின்ட் தப்பா அடிச்சிருந்தா?" என்று நான் என் தொழில் புத்தியில் கேட்டேன். "அதுக்குத்தாம்பா அலைவாங்க. ஃபேக்டரில தப்பிச்சு வர்றது அபூர்வமில்ல?" என்றாய். எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் ரிஜெக்ட் என்று சிவப்புக் கூடையில் போடுவதைத் தேடி யாராவது அலைவார்களா என்று நினைத்துக்கொண்டேன். அன்றைக்கு அதை இன்னும் கொஞ்சம் காதில் வாங்கியிருக்க வேண்டும்.

உன் அம்மாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை என்றுதான் நீ நினைத்திருப்பாய். "வயசுக்கு வந்த பொண்ணு கரடி பொம்மைய வரிசையா அடுக்கிகினு கீறா, வர்றவங்க இன்னா நினைப்பாங்க?" என்று அவள் சத்தம் போட்டது உண்மை. ஆனால் நம் வீட்டு அலமாரிக் கண்ணாடியை வாரா வாரம் துடைத்து வைத்தது யார் என்று நினைக்கிறாய்?

அந்த நிழல் கரடி எது என்பதையும் நீதான் கண்டுபிடித்துச் சொன்னாய். இரவு உடை போட்டுக்கொண்டு, தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நிற்கிற கரடி. வேலைக்குப் போகாத ஒரே கரடி. அதை நான் டீ நேரத்தில் சொன்னபோது எங்கள் பிரிவு முழுக்கச் சிரித்தது. "லீவு கெடைக்கிறதுதான் அபூர்வம்னு அந்த ஊர்க்காரனுக்கும் தெரிஞ்சிகீதுபா" என்றான் முருகேசன். அதற்கப்புறம் நாங்கள் அதை லீவு கரடி என்றே சொன்னோம். நீயும் அப்படியே சொல்ல ஆரம்பித்தாய்.

இன்னொன்றும் சொன்னாய். தலையணை இருப்பதால் லீவு கரடிதான் எல்லாவற்றையும்விட கனம், சில பேர் கடையில் பெட்டிகளை எடை போட்டுப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள், அது கள்ளாட்டம் என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகம் எப்படி இருந்தது தெரியுமா? பள்ளிக்கூடத்தில் யாரோ காப்பியடித்ததைச் சொல்கிற மாதிரி இருந்தது. ஒரு தடவை நான் கொண்டுவந்த பெட்டியை விளையாட்டாகக் காதருகே ஆட்டிப் பார்த்தேன். "குலுக்காதப்பா, குடு" என்று பிடுங்கிக்கொண்டாய்.

நீ பத்தாம் வகுப்பு படித்த வருடம். டைபாய்டு வந்து ஒரு மாதம் படுத்துக் கிடந்தாய். அரையாண்டுப் பரீட்சை எழுத முடியவில்லை. மொரிடா சார் கொடுத்த பெட்டியில் உனக்கு மூன்றாவது தடவையும் சமையல்காரரே வந்திருந்தார். படுத்துக்கொண்டே, "எனக்கு எதுலயும் அதிர்ஷ்டம் இல்லப்பா" என்றாய். விளையாட்டாகத்தான் சொன்னாய். எனக்கு அது விளையாட்டாகக் கேட்கவில்லை.

அடுத்த தடவை மொரிடா சார் வந்தபோது தனித்தனிப் பெட்டிகளாகத் தராமல் முழு கார்ட்டனாகக் கொண்டுவந்தார். பன்னிரண்டு பெட்டி, நாங்கள் பன்னிரண்டு பேர். ஊருக்குக் கிளம்புகிற அவசரத்தில், நான்தான் மூத்தவன் என்று என் கையில் கொடுத்து, "மிக்ஸ், மிக்ஸ். ஒன் மேன், ஒன் பாக்ஸ்" என்று கையைச் சுழற்றிக் காட்டினார். ஷிப்ட் முடிகிற நேரம். நாளைக்குப் பிரித்துக்கொடுக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டு கம்பெனியில் என் அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன். பெயின்ட் கலக்கும் அறையில் எடை மிஷின் இருக்கிறது. ஒரு சொட்டு நிறம் கூடினாலும் காட்டிவிடும். கார்ட்டனைக் கொண்டுபோய் ஒவ்வொரு பெட்டியாக அதில் வைத்தேன். பதினொன்று ஏறக்குறைய ஒரே எடை. ஒன்று மட்டும் தனியாகக் கனத்தது. மறுபடியும் வைத்துப் பார்த்தேன், அதேதான். அந்தப் பெட்டியின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன். மற்றவர்கள் வந்ததும் கார்ட்டனை நீட்டினேன். "எனக்கு ஒண்ணு எடுத்துகினேன், நீங்க எடுங்கபா" என்றேன். பதினொரு பேரும் கையை விட்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தான். "எம் பொண்ணு அந்த லீவு கரடிதான் வேணும்னு கேட்டுக்கினே கீறா" என்றான். நான் அவனைப் பார்த்துச் சிரித்தேன், யமுனா. இதை எழுதும்போதுகூட அந்தச் சிரிப்புதான் என்னை அதிகமாகத் தொந்தரவு செய்கிறது.

அன்று சாயங்காலம் நீ பெட்டியைக் கீறி, உறையை வெட்டி, உள்ளே பார்த்தாய். கரடியை வெளியே எடுத்து உள்ளங்கையில் நிறுத்தினாய். அப்புறம்தான், "அம்மா!" என்று கத்தினாய். உன் அம்மா அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். "எனக்கு வந்துடுச்சும்மா. எனக்கே வந்துடுச்சு." பெட்டியைத் திருப்பிப் பார்த்து, "இது இன்னாப்பா புள்ளி?" என்று கேட்டாய். "கம்பெனில செக் பண்ணி வச்சதா இருக்கும்" என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது பொய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்தபோது, நான் செய்தது சரிதான் என்றுகூட நினைத்தேன்.

அந்த வாரம் தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. முருகேசன் அப்போது நம் பின்தெருவில் இருந்தான். கவிதாவுக்குப் பதினான்கு வயது இருக்கும். அவளுக்கு வந்திருந்தது தபால்காரர். உன் கரடியைத் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பார்த்தாள். நீ அவளிடம், "கையில எடுத்துப் பாரு, ஒண்ணும் ஆவாது" என்றாய். எடுக்கவில்லை.

பொதுத்தேர்வுக்கு அதைப் பையில் வைத்துக்கொண்டு போனாய். டிப்ளமோ அட்மிஷனுக்கு வைத்துக்கொண்டு போனாய். நல்லது நடந்தபோதெல்லாம் கரடியால் என்றாய். படித்ததும் எழுதியதும் நீ, பேர் கரடிக்கு. நான் ஒன்றும் சொல்லவில்லை. வருடம் போகப் போக, சொல்லாமல் இருப்பது ஒரு வேலை மாதிரி ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

அடுத்தது மீனவர் கரடி. அது உனக்குத் தெரிந்த கதை, ஆனால் என் பக்கத்திலிருந்து உனக்குத் தெரியாது. நீ கிண்டி ஹாஸ்டலில் இருந்தாய். மொரிடா சார் கடைசித் தடவையாக வந்துவிட்டு, உனக்கென்று தனியாக ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். நீ சனிக்கிழமை வந்து பிரித்தாய். மீனவர், தோளில் வலை, தலையில் தொப்பி, எல்லாம் சரி. முகம் மட்டும் இல்லை. கண், மூக்கு, வாய் எதுவும் அச்சாகவில்லை, வழவழவென்று வெறும் பழுப்பு. நீ அதை அலமாரியில் நடுவில் வைத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் போனாய். ஒன்றும் விளக்கிச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை எனக்கு வார விடுமுறை. அலமாரி முன்னால் நின்று பார்த்தேன். இருபது வருடமாக உறவில்லாத ஆள் மாதிரி அது என்னைப் பார்த்தது என்று சொல்லலாம், ஆனால் பார்க்கக் கண்ணே இல்லையே. பாவமாக இருந்தது. என் மகளுக்குக் குறையுள்ள பொம்மை வந்திருக்கிறது, சரிசெய்யத் தெரிந்த அப்பா வீட்டில் இருக்கிறேன். கறுப்புப் பெயின்ட் ஒரு சொட்டு, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ், உன் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்த பூதக்கண்ணாடி. சமையல்காரரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, இரண்டு கண்ணுக்கும் நடுவில் இருக்கிற இடைவெளியை அளந்து, மூச்சை அடக்கிக்கொண்டு வைத்தேன். உன் அம்மா மத்தியானம் வெளியே போயிருந்தாள். இருந்திருந்தால் தடுத்திருப்பாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சுத்தமாக ஒரு வேலை செய்ததில்லை.

சனிக்கிழமை நீ வந்ததும் அலமாரியைப் பார்த்தாய். பையைக்கூடத் தோளிலிருந்து இறக்கவில்லை.

"யாருப்பா இத பண்ணது?"

"நாந்தான். எப்படிக் கீது?"

கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்தாய். "நல்லா கீதுப்பா" என்றாய். குளிக்கப் போய்விட்டாய். தண்ணீர் ரொம்ப நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

உன் அம்மாதான் சொன்னாள். பெங்களூரில் பொம்மை சேர்க்கிற ஒரு அம்மா முகமில்லாத மீனவரைக் கேட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக, உன்னிடம் இல்லாத பழைய வரிசைக் கரடிகள் பன்னிரண்டையும் பிரிக்காத பெட்டியோடு தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அடுத்த வாரம் நீ கூரியரில் அனுப்புவதாக இருந்தது. "அந்தப் புள்ள ரெண்டு வருசமா தேடிகினு இருந்துச்சுய்யா. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாதா?" என்று உன் அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நீ குளித்துவிட்டு வந்ததும் நான் உன் பின்னாலேயே வந்தது ஞாபகம் இருக்கிறதா? "தின்னர் வச்சி தொடச்சிடறேன் பாப்பா. பழையபடி ஆயிடும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது, என் வேல எனக்குத் தெரியும்."

"தொடச்சா தொடாத பொம்ம ஆயிடுமாப்பா?"

"அந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியுமே" என்றாய்.

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். நீ தலையைத் துவட்டிக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாய். அன்றைக்கே பிரவுசிங் சென்டருக்குப் போய், அப்பா முகம் வரைந்துவிட்டார் என்று போட்டோவோடு எழுதினாய். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து, பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது, "அடுத்த தடவ ஒரு வார்த்த கேளுப்பா" என்றாய். அதோடு சரி. அதற்கப்புறம் நீ அதை எடுத்ததே இல்லை. நான்தான் விடவில்லை. மூன்று வருடமாக என்னோடு ஒரகடத்துக்கு வந்து போய்க்கொண்டிருக்கிறது அந்த "எனக்குத் தெரியுமே."

நீ அப்படிச் சொன்ன அன்றைக்கே எடை மிஷின் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஒரே நாளில் இரண்டு பொம்மையையும் உன்னிடமிருந்து பறிக்க வேண்டாம் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அது சமாதானம்தான், காரணம் இல்லை. என் மதிப்பு போய்விடும் என்ற பயம்தான் காரணம்.

போன செவ்வாய்க்கிழமை, உனக்கு வேலை கிடைத்ததற்காகக் கம்பெனியில் டீ நேரத்தில் மைசூர்பாகு கொடுத்தேன். அந்தப் பன்னிரண்டு பேரில் ஏழு பேர்தான் இப்போது இருக்கிறோம். முருகேசன் வாயில் போட்டுக்கொண்டே, "உம் பொண்ணு அதிர்ஷ்டக்காரிப்பா. அன்னிக்கே அந்த லீவு கரடி அவளுக்குத்தானே வந்துச்சு" என்றான். புனேவுக்கு அந்த ஒரு கரடியை மட்டும் எடுத்துப் போகிறேன், மற்றதெல்லாம் அலமாரியிலேயே இருக்கட்டும் என்று நீ அதற்கு முந்தின நாள்தான் சொல்லியிருந்தாய். மைசூர்பாகு டப்பாவை மூடினேன். "அது வரல முருகேசா. நான் எட போட்டு எடுத்தேன்" என்றேன்.

நாலைந்து பேர் சிரித்தார்கள். "ஆளப் பாருடா, கமுக்கமா இருந்துகினு" என்று ஒருவன் என் முதுகில் தட்டினான். முருகேசன் மட்டும் சிரிக்கவில்லை. மென்றுகொண்டிருந்ததை விழுங்கிவிட்டு மெதுவாகச் சொன்னான். "எம் பொண்ணு உன் வூட்டுல வந்து அதப் பாத்துட்டு ஒரு வாரம் அழுதுகினு இருந்தா. நமக்கெல்லாம் அதிர்ஷ்டம் இல்லம்மா, வுட்டுடுன்னு சொன்னேன். நான் அப்படி சொல்லி வச்சேன்யா அவகிட்ட." டப்பாவை என் கையிலிருந்து வாங்கி மேஜையில் வைத்துவிட்டு லைனுக்குப் போய்விட்டான். சத்தம் போட்டிருந்தால் தேவலை.

வெள்ளிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் பென்னலூர் போனேன். முருகேசன் அங்கே இடம் வாங்கி வீடு கட்டிக்கொண்டு போய் நாலு வருடமாகிறது. கவிதா ஒரு கம்பெனியில் வேலைக்குப் போகிறாள், அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்தாள். யூனிபார்ம்கூட மாற்றவில்லை. நன்றாக வளர்ந்துவிட்டாள். "வாங்க அங்கிள், யமுனா அக்கா எப்போ கெளம்புறாங்க?" என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். நான் உட்காராமலே சொன்னேன். முருகேசன் அவளிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை, அது நான் சொல்ல வேண்டியது என்று விட்டிருக்கிறான்.

"எல்லா பொட்டியையுமா எட போட்டீங்க?"

"ஆமாம்மா."

"எங்களுக்கு வந்ததையும்?"

"ஆமா." அதோடு நிறுத்தியிருக்கலாம். "அது உனக்கே வந்திருக்கும்னு சொல்ல முடியாதும்மா. பன்னெண்டு பேரு இல்ல?" என்றும் சொல்லிவிட்டேன்.

"வந்திருக்காதுன்னும் சொல்ல முடியாதில்ல அங்கிள்" என்றாள்.

அவள் திட்டவில்லை. அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றி அதன் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டு சொன்னாள். "எங்க கம்பெனில ஆயுத பூஜைக்குக் குலுக்கல் வைப்பாங்க அங்கிள். ரெண்டு வருசமா நான் பேரே எழுதிப் போடல. நமக்கு எங்க வுழப் போவுதுன்னு. கூட வேல செய்ற பொண்ணு கேட்டா, ஏண்டி போட மாட்டேங்கறேன்னு. எனக்கே ஏன்னு தெரியல." நான் கையைக் கூப்பினேன். "ஐயோ, விடுங்க அங்கிள், எதுக்கு இதெல்லாம்" என்று பதறினாள். நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, "அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அவள் முகம் அப்போதுதான் மாறியது.

"அவங்க அத கூடவே வச்சிகினு கீறாங்க. அவங்களுக்குத்தானே மொதல்ல சொல்லணும்?"

நேற்று காலை உன் அம்மாவிடம் சொன்னேன். கரண்டியோடு திரும்பி என்னைப் பார்த்தாள். "பரீட்சைக்குப் பரீட்ச அந்தக் கரடிக்கு விபூதி வச்சிட்டுப் போச்சேய்யா" என்றாள். இன்றைக்கு வரைக்கும் என்னிடம் சரியாகப் பேசவில்லை. சாப்பாடு மட்டும் வருகிறது.

இனி உனக்குப் புத்திமதி என்று நான் சொல்ல என்ன இருக்கிறது? நீ போகிற இடத்தில் அச்சில் குறை வரும், ஆட்களிலும் குறை வரும். சரிசெய்கிற கை உனக்கும் இருக்கிறது, என்னிடமிருந்து வந்திருக்கும். பிரஷ்ஷை எடுப்பதற்கு முன்னால் கேட்டுவிடு. ஒருவருக்கு ஒன்று கிடைக்க வேண்டும் என்று மனசு ரொம்ப ஆசைப்படும்போது, பக்கத்தில் யார் கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டுகிறார்கள் என்று ஒரு தடவை திரும்பிப் பார். நீ திரும்பிப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். நான்தான் பார்க்கவில்லை.

பரீட்சையில் வாங்கிய மார்க்கும் இந்த வேலையும் அதிர்ஷ்டத்தால் வந்தவை அல்ல என்று எழுதி உன்னைத் தேற்றலாம். அது உண்மையும்கூட. ஆனால் தேற்றுகிற இடத்தில் நான் இப்போது இல்லை.

ரயிலில் படித்துக்கொள் என்று உன் பைக்குள் இதைச் செருகிவிடுவதுதான் எனக்குச் சுலபம். ஒரு நாள் தூரத்தில் நீ தனியாக உட்கார்ந்து கோபப்படுவாய், நான் இங்கே தப்பித்துக்கொள்வேன். அப்படிச் செய்யப் போவதில்லை. இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்து உன் கையில் கொடுக்கிறேன். அந்தக் கரடியை எடுத்துப் போவதா, இங்கே விடுவதா, கவிதாவுக்குக் கொடுப்பதா என்று தெரிந்துகொண்டு நீ முடிவு செய். எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று எழுதி, இப்போதுதான் அடித்தேன். அதில் என் சம்மதத்துக்கு வேலையே இல்லை.

கொடுத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன் என்று சொல்லி வெளியே நழுவ மாட்டேன். கூடத்திலேயே உட்கார்ந்திருப்பேன். நீ கோபப்பட்டு வெளியே வந்தால், என்னைத் தேட வேண்டியிருக்கக் கூடாது.

அப்பா